வைக்கோல் போரில் ஒரு வெளியுறவு அதிகாரி

டவுன் பஸ் என்னை இறக்கிவிட்டுப் புழுதியோடு போனது. கண்மாய்க்கரையில் அப்போதுதான் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு பை. கையில், பாலிஷ் போட்ட ஷூவைச் சுற்றி வைத்திருந்த துணிக்கடைப் பை. சென்னையிலிருந்து வந்த அலுப்பில் கண் பாதிதான் திறந்திருந்தது.

புழுதி அடங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே நான் நின்றுகொண்டிருந்தேன்.

பத்தடி உயரத்துக்கு.

கறுப்புக் கோட்டு, சிவப்பு டை. பின்னால் நீலமாக ஓர் உலக உருண்டை. அதைச் சுற்றி மாலை போட்டதுபோல நாட்டுக் கொடிகள். கோட்டு என்னுடையது இல்லை. கழுத்துக்கு மேலே மட்டும்தான் நான். அத்தை மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்த படத்திலிருந்து தலையை வெட்டி ஒட்டியிருந்தார்கள். அதனால் ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது. உள்ளே ஜிலேபி.

'வெளியுறவு அதிகாரியாகப் பொறுப்பேற்கும் எங்கள் மண்ணின் மைந்தனை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். முதல் முகம் என் தாய்மாமன் கருப்பையா. காதில் போன் வைத்து, ரொம்ப அவசரமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்.

டீக்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆபீசர் எறங்கிட்டாருங்கடா. ஸ்ட்ராங்கா ஒண்ணு போடு."

நான் எந்த வேலைக்கும் பொறுப்பேற்கவில்லை. சென்னையில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

போனேல்ல, பேசுனாங்கள்ல

மாமா தன் லோடு ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை உதறித் தோளில் போட்டார்.

"என்ன மாமா இது?"

"ஏன் மாப்ளே, கொடி கொறையுதா? எல்லா நாட்டுக் கொடியும் போடச் சொன்னேன். எடம் பத்தலைன்ட்டான்."

"மாமா, நான் இன்டர்வியூவுக்குத்தான் போனேன்."

"அதத்தான் நானும் சொல்றேன். போனேல்ல?"

"போனேன்."

"பேசுனாங்கள்ல?"

"பேசுனாங்க."

"பெறகென்ன?"

இதில் மாமாவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இன்டர்வியூ என்பது வேறு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், பாஸ்போர்ட் நகல் முதல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, கடைசியில்தான் திருச்சிக்குக் கூப்பிடுவார். கொத்தனார் என்றால் கரண்டியைக் கொடுத்து இடுப்பளவு சுவர் எழுப்பச் சொல்வார்கள். டிரைவர் என்றால் வண்டியைப் பின்னால் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். கம்பெனிக்காரர் தலையை ஆட்டுவார். முடிந்தது. பிறகு உடம்பைச் சோதிக்கும் மெடிக்கலில் விழுந்தவர்கள் உண்டு. இன்டர்வியூவுக்குப் போய், 'தெரியப்படுத்துகிறோம்' என்ற ஒரு சொல்லோடு திரும்பி வந்தவர்கள் எங்கள் ஊர் வரலாற்றிலேயே கிடையாது.

அன்று மதியம் சோறு போட்டுக்கொண்டே அம்மா கேட்டார். "மெடிக்கல் எப்பப்பா?"

இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடும் வீடு

ஊரில் இருந்துகொண்டு எதற்கு சர்வதேச உறவுகள் படிக்கப் போனீர்கள் என்று, இந்தத் தொடரின் இரண்டாவது வாரத்தில் ஒரு வாசகி கேட்டிருந்தார். அப்போது பதில் வரவில்லை. இப்போது அந்த பிளக்ஸை நினைக்கும்போதுதான் வருகிறது.

எனக்கு நாடுகள் முதலில் வாசனையாகத்தான் வந்தன. பெட்டி பிரிக்கும்போது எழும் சோப்பு வாசம், கம்பளி வாசம், தலைவலித் தைல வாசம். மஸ்கட்டும் ஷார்ஜாவும் எங்கள் தெருவில் புழங்கும் பெயர்கள். சென்னைதான் தூரம்.

எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு தேன்மொழி அக்கா வீடு. அங்கே சுவரில் இரண்டு கடிகாரம். ஒன்று நம் நேரம். இன்னொன்று சவுதி நேரம், இரண்டரை மணி நேரம் பின்னால். அக்காவின் அப்பா அங்கே இருந்த காலத்தில் மாட்டியது. பிறகு அக்கா கட்டிக்கொண்ட ராசேந்திரன் மச்சானும் அங்கேயே போனதால் கடிகாரத்தைக் கழற்ற வேண்டிய தேவையே வரவில்லை.

சின்ன வயதில் அந்த வீட்டுக்குள் போனால் இரண்டரை மணி நேரம் மிச்சமாகும் என்று நம்பினேன். வீட்டுப்பாடம் எழுதாத நாட்களில் அங்கே போய் அந்தக் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நிஜமாகவே அங்கே நேரம் மெதுவாகத்தான் போகும். மத்தியான வெளிச்சம் ஓட்டுச் சந்து வழியாக இறங்கித் தரையில் ஒரு காசு மாதிரிக் கிடக்கும். அது நகர்ந்து சுவரில் ஏறும்வரை யாரும் எழுப்ப மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதற்கப்புறம் விடுதி, கல்லூரி, வெளி மாநிலத்தில் எம்.ஏ. என்று பஸ் மாறி மாறி ஏறியதைப் போல ஏறிப் போய்விட்டேன். இந்தியப் பெருங்கடலைப் பற்றித் தொண்ணூறு பக்கத்தில் ஓர் ஆய்வேடு எழுதினேன். அதை எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு தரம் போனில் கேட்டார்.

"கடலு யாருக்குப்பா சொந்தம்?"

நான் அரை மணி நேரம் சொன்னேன். எதிர்முனையில் மாடு கத்துவதும் அப்பா 'ம்' கொட்டுவதும் மாறி மாறிக் கேட்டது. கடைசியில், "சரிப்பா, சாப்பிட்டியா?" என்றார்.

தெரியப்படுத்தினார்கள்

சென்னை அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நல்லவர்கள்தான். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். எத்தனை வெளிநாட்டு மொழி தெரியும் என்று கேட்டார்கள். எங்கெல்லாம் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்று கேட்டார்கள். விடுமுறைக்கெல்லாம் ஊருக்கு வந்து நடவுக்கும் அறுப்புக்கும் நின்றவன் நான். அதைப் பயிற்சி என்று சொல்லும் தைரியம் அன்று இல்லை. ஏசிக் குளிரில் என் ஆங்கிலம் எனக்கே வேறு யாரோ பேசுவது போலக் கேட்டது.

மூன்று வாரம் கழித்துத் தெரியப்படுத்தினார்கள். 'எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்' என்று முடிந்திருந்தது மெயில்.

அந்த மூன்று வாரமும் பஸ் ஸ்டாப்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றது நான்தான். ஆவுடையார்கோவில் பக்கம் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் என் முன்னால் நின்று போனது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் பிளக்ஸைப் பார்த்துவிட்டுக் கீழே நிற்கும் என்னையும் பார்ப்பார்கள். நான் செருப்பைப் பார்ப்பேன். அந்தக் கோட்டுக்குள் எப்படியாவது நுழைந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர மனசில் வேறு எதுவும் இல்லை.

மெயில் வந்த அன்று, சாப்பிடும்போது சொன்னேன். "வேலை இல்லைன்ட்டாங்க."

அம்மா, "மெடிக்கல்லயா?" என்றார்.

அப்பா எழுந்தார். கை கழுவினார். துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் மூங்கில்கள் மட்டும் நின்றன. எங்கள் கொல்லையில் வைக்கோல் போர் மேலே புதுசாக ஒரு மூடுதுணி. அறுப்பு முடிந்த சமயம், தெற்கே மேகம் கட்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் பழைய பிளக்ஸ் எல்லாம் கடைசியில் போய்ச் சேருகிற இடம் அதுதான். அதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் பிளக்ஸ் வெறும் வெள்ளையாக இருந்தது. என் முகம் இருந்த பக்கத்தை அப்பா கீழே கவிழ்த்துப் போட்டிருந்தார். நான்கு மூலையிலும் கயிறு இழுத்துக் கட்டி, மேலே கல் வைத்திருந்தார்.

நான் ரொம்ப நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தை நேராகப் பார்க்கவும் அதற்கப்புறம் கூச்சமாக இருந்தது.

தேன்மொழி அக்காவின் போன்

அதற்கு இரண்டு நாள் கழித்துத் தேன்மொழி அக்கா இடுப்பில் பிள்ளையோடு வாசலில் வந்து நின்றது.

"தம்பி, மச்சான் விசயமா ஒண்ணு எழுதணும். நீதான் வெளிநாட்டு ஆபீசராமே."

"அதெல்லாம் இல்லக்கா. அதான் பிளக்ஸையும் எடுத்தாச்சே."

"பிளக்ஸை எடுத்தா என்ன? படிச்ச படிப்பையுமா எடுத்துட்டாங்க?"

ராசேந்திரன் மச்சான் சவுதியில் ஒரு வீட்டு டிரைவர். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து எட்டு மாதம் ஓடிவிட்டது. வேலை கொடுத்த வீட்டுக்காரர் ஊருக்கு அனுப்பாமல் நாளைக்கு நாளைக்கு என்கிறார். பாஸ்போர்ட் அவர் கையில். அங்கே தங்குவதற்கான அட்டை, இக்காமா என்பார்கள், அதுவும் காலாவதி. அது இல்லாமல் தெருவில் இறங்கினால் பிடித்துக்கொள்வார்கள், விமானமும் ஏற முடியாது. மச்சான் போன பிறகுதான் இந்தப் பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு வயது ஆகப் போகிறது. அது அப்பாவைப் பார்த்தது போனில் மட்டும்தான்.

புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை மனு நாளில் அக்கா மூன்று மனு கொடுத்திருந்தது. நகலைக் காட்டியது. 'என் கண்ணீரைத் துடைக்குமாறு தங்கள் பாதம் பணிந்து' என்று ஒரு முழுப் பக்கம். அந்த சவுதி வீட்டுக்காரர் பெயர் இல்லை. பாஸ்போர்ட் எண் இல்லை. ஒரு தேதிகூட இல்லை.

"பாஸ்போர்ட்டை எப்பக்கா வாங்கிக்கிட்டாரு?"

"நம்ம மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுனாங்கள்ல, அதுக்கு மறுநா."

"அட்டை எப்ப முடிஞ்சுச்சு?"

"நாத்துப் பறிச்ச சமயம்."

இதை வைத்துக்கொண்டு எந்தத் தூதரகத்துக்கு எழுதுவது? அப்போதுதான் கேட்டேன், மச்சான் அனுப்புகிற வாட்ஸப் குரலெல்லாம் இருக்கிறதா என்று. அக்கா ஒன்றைக்கூட அழித்திருக்கவில்லை. நூற்றுக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி.

ஐந்து மத்தியானம் அந்த இரண்டு கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையனாக உட்கார்ந்த அதே இடம். அதே வெளிச்சம் தரையில். மச்சான் குரலுக்குப் பின்னால் ஏசி உறுமும், தூரத்தில் பாங்கு கேட்கும், யாரோ பிள்ளைகள் 'ராஜா, ராஜா' என்று அவரைக் கூப்பிடுவார்கள். குரல் தொடங்கியதும் அக்கா மகள் ஓடி வந்து போனில் காதை வைத்துக்கொள்ளும்.

"தேனு, இங்கிட்டு மழை பெய்யுது. எல்லாரும் வண்டிய ஓரங்கட்டிட்டு அதைப் படம் புடிக்கிறாங்க. நம்மூரா இருந்தா ஓடிப்போயி வெறகத்தான் அள்ளுவோம்."

"தேனு, பாஸ்போர்ட்டைக் கேட்டாரு. ஆபீஸ்ல பதியணுமாம். குடுத்துட்டேன். ஒண்ணும் இருக்காது."

நான் தேதியைக் குறித்துக்கொள்வேன். சில குரல்கள் தொடங்கும்போதே அக்கா பாய்ந்து போனைப் பிடுங்கிக்கொள்ளும்.

"ஏங்க்கா, அதுல எதாவது இருக்கப் போகுது."

"இருக்கும் இருக்கும். அது ஆபீசருக்குக் கிடையாது." முகமெல்லாம் சிவந்து, புடவைத் தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. அந்த எட்டு மாதத்தில் அக்கா சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வெளியே காக்கை கரையும். கண் சொக்கும். மச்சான் ஒரு பாலைவன ரோட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் அந்த ரோடு எங்கள் கண்மாய்க்கரையில் வந்து சேருவது போலத் தோன்றும். இரண்டு வருடம் நான் புத்தகத்தில் தேடிய உலகம், பக்கத்துத் தெருக்காரர் மாதிரி காதுக்குள் பேசியது.

கண்ணீர் இல்லாத ஒரு பக்கம்

கடைசியில் ஒரே ஒரு பக்கம் வந்தது. இடது பக்கம் தேதி, வலது பக்கம் நடந்தது. ஆங்கிலத்தில். படித்துத் தமிழில் சொன்னேன். அக்காவுக்குத் திருப்தி இல்லை.

"அழுவுற மாதிரி ஒரு வரிகூட இல்லையே தம்பி?"

"அழுதா, பாவம்னு சொல்லிட்டு மடிச்சு வச்சிருவாங்கக்கா. தேதி போட்டா பதில் எழுதியாகணும்."

அக்கா யோசித்தது. "அப்ப இவளைப் பத்தி மட்டும் ஒரு வரி போடு."

போட்டேன். மகள் பிறந்த தேதி. வலது பக்கம்: 'தந்தை இதுவரை நேரில் பார்த்ததில்லை.'

தூதரகத்துக்கு, தில்லிக்கு, பிறகு வெளிநாட்டுக்குப் போனவர்களுக்கு உதவும் திருச்சி அலுவலகம் ஒன்றுக்கு என்று மூன்று இடத்துக்கு அனுப்பினேன். பத்து நாள் எதுவும் இல்லை. பதினோராம் நாளோ என்னவோ, தூதரகத்திலிருந்து மச்சானுக்கே போன் போயிருக்கிறது. அதற்கப்புறமும் எளிதாக நடந்துவிடவில்லை. திருச்சி அலுவலகத்து மேடம் விடாமல் பேசினார். நான் விடாமல் அதே ஒரு பக்கத்தில் புதுத் தேதிகளைச் சேர்த்துச் சேர்த்து அனுப்பினேன்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. திருச்சி விமான நிலையத்திலிருந்து மாமாவின் லோடு ஆட்டோவில், முன் சீட்டில் உட்கார்ந்து மச்சான் வந்து இறங்கினார். ஊரே நின்றது. பிள்ளை அவரிடம் போகவில்லை. அவர், "தங்கம்" என்றதும் குழந்தை அக்கா கையிலிருந்த போனைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. மறுபடி போனைப் பார்த்தது. மச்சான் திரும்பவும் கூப்பிட்டார். மூன்றாவது தரம் கூப்பிடாமல், மண்ணில் குத்தவைத்துக் கையை நீட்டினார்.

கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பிளக்ஸ் கட்டியிருந்த மூங்கில்களைப் பார்த்தார்.

"எங்க தம்பி உன் போட்டோவைக் காணோம்? தேனு படம் புடிச்சு அனுப்பியிருந்துச்சு. நம்ம ஊர்லயும் ஒரு ஆபீசர் இருக்காருன்னு அங்க தெரிஞ்ச டிரைவருங்க எல்லாத்துக்கும் அனுப்பி வச்சேன்."

நான் செருப்பைப் பார்த்தேன்.

இன்டர்வியூ இல்லாத வேலை

அந்த வாரமே திருச்சி மேடம் கூப்பிட்டார். "அந்தப் பக்கத்தை எழுதுனது யாரு? நீங்களா?"

"ஆமாங்க மேடம்."

"இந்த மாதிரி இங்க நூறு கேஸ் கெடக்கு. திங்கக்கெழம வர முடியுமா?"

"இன்டர்வியூங்களா மேடம்?"

"அதான் ஒன்றரை மாசமாப் பாத்தேனே. வேலைக்கு வாங்க."

பதவியின் பெயர் கள உதவியாளர். மாமாவிடம் சொன்னதும் முதலில் சந்தோஷப்பட்டார், பிறகு யோசனையில் ஆழ்ந்தார். "உதவியாளர்னா பிளக்ஸ்ல எடுப்பா இருக்காதே மாப்ளே."

"பிளக்ஸே வேணாம் மாமா."

"அப்ப அந்தக் கோட்டு?"

திங்கட்கிழமை விடியலில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பி நின்றேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மாடு கத்தியது. ஒரு கை வைக்கோல் பிடுங்கிப் போடலாம் என்று கொல்லைக்குப் போனேன்.

தினமும் ஒரே பக்கத்தில் பிடுங்கிப் பிடுங்கி, போர் அந்தப் பக்கம் குகை மாதிரி குடைந்து, மேலே பிளக்ஸ் மட்டும் கூரையாக நின்றது. குனிந்து உள்ளே தலையை நீட்டினேன். வைக்கோல் சூடு முகத்தில் அடித்தது. மேலே பார்த்தேன்.

கிழக்கு வெயில் பிளக்ஸின் மறுபக்கத்தில் விழுந்திருந்தது. வெளிச்சம் ஊடுருவி, கீழ்ப்பக்கம் முழுவதும் எரிவது போல நிறம். நீல உலக உருண்டை, அத்தனை நாட்டுக் கொடிகள், சிவப்பு டை. நடுவில் நான். மழை, வெயில் எதுவும் படாமல், கட்டிய அன்று இருந்த அதே புதுசு. கன்னத்து ஜிலேபிகூட அப்படியே.

பின்னால் அப்பா வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வெளியே வராமலே கேட்டேன்.

"ஏம்ப்பா இதைக் கவுத்துப் போட்டீங்க?"

"மேல வச்சா வெயில்ல மூஞ்சி வெளுத்துரும்லப்பா."

நான் ஒரு கை வைக்கோலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"பஸ்ஸு வந்துரும். அதை இங்கிட்டுக் குடு, நான் போடுறேன்" என்று என் கையிலிருந்த வைக்கோலை வாங்கிக்கொண்டார் அப்பா. இன்னொரு கையால் என் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோல் துரும்பை ஒவ்வொன்றாக எடுத்தார்.